செப்சிஸ் நோயாளிக்கு மயக்க வாயு: தொடங்கும் முன்னும் பின்னும்

வெண்டிலேட்டரில் இருப்பவரை மயக்கத்தில் வைக்கத் தரும் வாயுவான ஐசோஃப்ளூரேன் இரத்தக் குழாய்களை விரியச் செய்யும். தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினையாற்றும் செப்சிஸ் ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. அதனால் குழாய்களைச் சுருக்கும் நார்அட்ரினலின் மருந்து ஓடி, சராசரி இரத்த அழுத்தம் 65 மி.மீ. பாதரசத்துக்கு மேல் நிலைபெறும்வரை, சிரிஞ்சிலிருந்து வரும் மயக்க மருந்தை ஆவியாக்கித் தரும் செடகோண்டா கருவியை உறையிலிருந்து எடுக்க நான் விடுவதில்லை. அதற்குள் உறவினரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: குடும்பத்தில் யாருக்காவது மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா (மயக்க வாயுவால் உடல் வெப்பம் ஆபத்தாக ஏறித் தசைகள் இறுகும் பரம்பரைக் கோளாறு) வந்ததுண்டா? உண்டென்றால் இந்த வழியே வேண்டாம்.

வெண்டிலேட்டரின் இரு குழாய்களும் சேரும் ஒய் இணைப்புக்கும் நோயாளியின் மூச்சுப்பாதையில் செருகிய குழாய்க்கும் நடுவே கருவியைப் பொருத்துங்கள். கருப்புப் பக்கம் மேலே, நோயாளிப் பக்கம் சற்றுத் தாழ்வாக இருக்கட்டும். வெளிவரும் மருந்தில் ஏறக்குறைய 90 சதவீதத்தை உள்ளிருக்கும் கார்பன் அடுக்கு பிடித்து அடுத்த மூச்சில் திருப்பித் தரும். கருவி 50, 100 மில்லி என இரு அளவுகளில் உண்டு, சிறியதையே எடுங்கள். பெரியதில் வெளிவிட்ட மூச்சு அதிகம் தங்கித் திரும்பும்; இரத்தத்தில் அமிலம் ஏறிய நோயாளிக்கு அந்தக் கூடுதல் கரியமில வாயு பெரும் சுமை. பொருத்திய அரை மணியில் இரத்த வாயுப் பரிசோதனை செய்யுங்கள். வெண்டிலேட்டரின் வெளியேற்றத்தில் வாயு உறிஞ்சும் வடிகட்டி இல்லாமல் தொடங்கவே கூடாது; அறையில் செவிலியர்களும் மூச்சு விடுகிறார்கள்.

சிரிஞ்ச் பம்ப் நோயாளியின் தலை மட்டத்திலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். பம்பிலிருந்து கருவிக்குச் செல்லும் குழாயை 1.2 மில்லி மருந்தால் நிரப்பிவிட்டு மணிக்கு 2 மில்லியில் தொடங்குவேன். அதன்பின் பம்பின் எண்ணைவிட, வெளிமூச்சில் தெரியும் செறிவே முக்கியம்: 0.2 முதல் 0.7 சதவீதம். அழுத்தம் சரிந்தால் முதலில் வாயுவைக் குறையுங்கள். வலிக்கு ஃபென்டனில் தொடரட்டும். இந்த அளவில் வாயு வலியைப் போக்காது.

எந்த வாயு? ஐசோஃப்ளூரேன் என்பேன். ஜெர்மனியிலும் ஸ்லோவேனியாவிலும் 301 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், வேண்டிய மயக்க நிலையைத் தக்கவைப்பதில் அது நரம்புவழி தரும் மயக்க மருந்தான புரொபோஃபாலுக்குக் குறைந்ததாக இல்லை. இன்னொரு மயக்க வாயுவான செவோஃப்ளூரேனின் கதை வேறு. கடும் நுரையீரல் பாதிப்பு கொண்டவர்களிடம் பிரான்சில் நடந்து 2025-இல் வெளியான செசார் ஆய்வில், 90 நாள் கழித்து அந்தக் குழுவில் உயிரோடிருந்தோர் 47.1 சதவீதம், புரொபோஃபால் குழுவில் 55.7. செப்சிஸ் நுரையீரலைத் தொட்டுவிட்டால் அந்தப் புட்டியை நான் திறக்க மாட்டேன்.

கருவியை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாற்றும்போது பம்பை நிறுத்துங்கள்.

காய்ச்சல் திடீரென ஏறி, கரியமில வாயுவும் உயர்ந்து, தசைகள் இறுகினால், செப்சிஸ்தானே என்று கடந்துவிடாதீர்கள்; அது மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியாவாக இருக்கலாம். உடனே பம்பை நிறுத்திக் கருவியைக் கழற்றுங்கள், மூத்தவரை அழையுங்கள். அதற்கான மருந்தான டான்ட்ரோலீன் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதைப் பணி ஏற்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.