பழைய காரில் ஹீட் மீட்டர் ஏறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்பாசடர், மாருதி 800 ஆகிய இரண்டும் 2014-ஆம் ஆண்டோடு தயாரிப்பு நின்றுபோன கார்கள். ஆனாலும் அவற்றை அன்றாடம் ஓட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இத்தகைய வண்டி ஹீட் ஆகிறது என்று சொன்ன உடனேயே ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வதும், அதிலும் தீராவிட்டால் வாட்டர் பம்பை மாற்றுவதும், கடைசியில் ஹெட்டை (என்ஜினின் மேல்மூடியை) கழற்றுவதும் பல பட்டறைகளில் வழக்கமாகிவிட்டன. காரணத்தைக் கண்டுபிடிக்கும் முன்பே உதிரிபாகங்களுக்குச் செலவழிப்பதுதான் இதில் முதன்மையான தவறு.

ஹீட் மீட்டரின் முள் காட்டுவது என்ஜினின் சூட்டை நேரடியாக அல்ல, சென்சர் வழியாகப் பாயும் மின்சாரத்தைத்தான். சூடு ஏற ஏற சென்சரின் மின்தடை குறையும். அதனால் மின்சாரம் கூடி முள் உயரும். சென்சருக்குச் செல்லும் ஒயர் உரிந்து என்ஜினில் பட்டாலே முள் உச்சத்துக்குப் போய்விடும். ஆறிய என்ஜினில் சாவியைத் திருப்பியதுமே முள் ஏறினால் சென்சரிலிருந்து ஒயரைக் கழற்றிப் பாருங்கள். முள் இறங்கினால் கோளாறு சென்சரில் இருக்கிறது. இறங்காவிட்டால் ஒயரிலோ மீட்டரிலோ இருக்கிறது. பழைய கார்கள் பலவற்றில் ஹீட் மீட்டருக்கும் பெட்ரோல் மீட்டருக்கும் ஒரே மின்னழுத்த ஸ்டெபிலைசர்தான் மின்சாரம் தருகிறது. அதன் எர்த் துருப்பிடித்து விட்டுப்போனால் இரண்டு முள்களும் சேர்ந்து உயரும். ஆகவே ஹீட் மீட்டர் ஏறும்போது பெட்ரோல் மீட்டரும் வழக்கத்துக்கு மேல் காட்டுகிறதா என்று கவனிப்பது காசு செலவில்லாத, மிகப் பயனுள்ள சோதனை. சென்சரை மாற்றும்போதும் மரை பொருந்துகிறதே என்று வேறு வண்டியின் சென்சரைப் பொருத்தக்கூடாது. மின்தடை அளவு வேறுபட்டால் மீட்டர் என்றென்றைக்கும் தவறாகவே காட்டும்.

ஆனால் மீட்டர்தான் பொய் சொல்கிறது என்று தாமாகவே முடிவுகட்டித் தொடர்ந்து ஓட்டுவது இதைவிடக் கொடிய தவறு. சோதித்து உறுதி செய்யும்வரை முள் சொல்வதை உண்மை என்றே கொண்டு, வண்டியை ஓரங்கட்டி என்ஜினை நிறுத்திவிட வேண்டும். ஏறிய முள் திடீரென்று இறங்கினாலும் நிம்மதி கொள்ளக் கூடாது. தண்ணீர் முழுவதும் வெளியேறிவிட்டால் சென்சர் வெறும் காற்றில் நின்று குறைவாகக் காட்டக்கூடும். உண்மை நிலையை அறிய, அகச்சிவப்பு வெப்பமானியைத் தெர்மோஸ்டாட் (சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) பொருத்தியிருக்கும் கூட்டின் மேல் காட்டிப் பார்க்கலாம். தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கும் வகையாக இருந்தால், 85 முதல் 95 டிகிரி வரை காட்டுவது இயல்பானது.

சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. மூடி 0.9 பார் அழுத்தத்தைத் தாங்குவதாக இருந்தால், உள்ளிருக்கும் தண்ணீர் ஏறத்தாழ 119 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். திறந்த கணமே அது பொங்கி முகத்திலும் கையிலும் அடிக்கும். கொதித்த என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் ஆபத்துதான். அம்பாசடரின் பழைய 1489 சிசி என்ஜினுக்கு இரும்பு ஹெட். மாருதி 800-க்கு அலுமினிய ஹெட். அலுமினியம் இந்தத் திடீர் குளிர்ச்சியில் எளிதில் வளைந்துவிடும்.

சூடு எப்போது ஏறுகிறது என்று கேட்காமல் பழுது பார்ப்பது இருட்டில் தேடுவதற்குச் சமம். நெரிசலில் ஏறி, நெடுஞ்சாலையில் இறங்கினால் காற்றோட்டத்தில்தான் குறை: தளர்ந்த ஃபேன் பெல்ட், வேலை செய்யாத ஃபேன் சுவிட்ச், தூசி அடைத்த ரேடியேட்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மின்சார ஃபேனின் மோட்டாரை மாற்றியபோது ஒயர்களை இடம் மாற்றிக் கொடுத்திருந்தால் அது எதிர்த்திசையில் சுழலும். ரேடியேட்டரின் முன்புறம் ஒரு காகிதத்தை வைத்தால் அது உள்ளே இழுக்கப்பட வேண்டும். மாறாக, வேகமாகப் போகும்போது மட்டும் ஏறினால் தண்ணீர் ஓட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும். ரேடியேட்டரின் உட்குழாய்களில் அடைப்பு, தேய்ந்த பம்பு, என்ஜின் வேகம் கூடும்போது உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். பின்தங்கிய இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் பிளக்கில் பொறி தாமதமாக விழுவது), பிடித்துக்கொண்டே இருக்கும் பிரேக் ஆகியவையும் என்ஜினைச் சூடாக்கும். இவை இரண்டும் ரேடியேட்டரோடு தொடர்பில்லாதவை என்பதால் பெரும்பாலும் யாரும் பார்ப்பதே இல்லை.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இதைக் கண்டிப்பாக விட்டுவிட வேண்டும். அது இல்லாத என்ஜின் உரிய சூட்டை எட்டத் தாமதிப்பதால் பெட்ரோல் வீணாகும், தேய்மானமும் கூடும். சூடானதும் பைபாஸ் வழியை மூடும் வகைத் தெர்மோஸ்டாட்டை நீக்கினால், தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குள் போகாமலேயே என்ஜினுக்குத் திரும்பி, சூடு கூடவும் செய்யும். சந்தேகம் இருந்தால் அதைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சி, வெப்பமானியை வைத்துத் திறக்கும் அளவைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரை ஊற்றினால் உள்ளே காரை படியும். ரேடியேட்டரை மட்டும் வடித்தால் என்ஜின் பிளாக்கில் தங்கிய தண்ணீரும் சேறும் அப்படியே இருக்கும். பிளாக்கின் வடிகுழாயையும் திறந்து, கம்பியால் அடைப்பு நீக்கி வடித்துவிட்டு, காய்ச்சி வடித்த நீரும் (டிஸ்டில்டு வாட்டர்) கூலன்ட்டும் கலந்து நிரப்ப வேண்டும். நிரப்பிய பிறகு மூடியைத் திறந்தபடி என்ஜினை ஓடவிட்டு, காற்று முழுவதும் வெளியேறும்வரை காத்திருக்க வேண்டும். உள்ளே சிக்கிய காற்று புதிய கோளாறு போலத் தோன்றி ஏமாற்றும்.

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிப்பதில் இருபக்கமும் தவறு நேர்கிறது. ஆயில் மூடியின் அடியில் லேசான வெண்குழம்பு இருப்பதை மட்டும் வைத்துக் கேஸ்கட் போய்விட்டது என்று சொல்ல முடியாது. குறுகிய தூரமே ஓடும் வண்டியில் ஈரம் படிந்தாலும் அப்படித் தெரியும். ஆறிய என்ஜினைக் கிளப்பிய ஓரிரு நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவதும், ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வருவதும், கசிவே இல்லாமல் தண்ணீர் குறைவதும் வலுவான அடையாளங்கள். அப்போதும் ஹெட்டைக் கழற்றும் முன், சிலிண்டரில் எரிந்த புகைவாயுவைக் கண்டறியும் நீலத் திரவத்தை ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் என்ஜினின் புகைவாயு கலந்திருந்தால் அது மஞ்சளாகும். கழற்றிய ஹெட்டைச் சமதளம் பார்க்காமலும், சூடு ஏறிய மூலக் காரணத்தைச் சரிசெய்யாமலும் திரும்ப மாட்டினால், புதிய கேஸ்கட்டும் அதே இடத்தில் எரிந்துபோகும்.