குடும்பத்தோடு கூடாரம் போட்டுத் தங்கும்போது சமையலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்கு நாட்டுக்கு வெளியிடத்தில் அடுப்புக் கூட்டிச் சமைப்பது புதிதன்று. குலதெய்வக் கோயிலில் மூன்று கல்லை வைத்துப் பொங்கல் வைப்பதும், ஆடிப் பதினெட்டுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பவானி கூடுதுறைக்கோ கொடிவேரிக்கோ போவதும் தலைமுறைகளாக நம் வீடுகளில் நடந்துவருகின்றன. அப்படியிருந்தும், ஆழியாற்று அடிவாரத்துத் தோப்பிலோ ஏற்காட்டிலோ கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்கப் போகிற குடும்பங்கள் முதல் இரவிலேயே பிள்ளைகளைப் பசியோடு காக்கவைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்; எங்கள் குடும்பத்திலும் அது நடந்திருக்கிறது. சமைக்கத் தெரியாததால் இது நேர்வதில்லை. எதைச் சாப்பிட ஆசை என்று கேட்டுப் பட்டியல் போடுகிறோமே தவிர, போகிற இடத்தில் எத்தனை குடம் தண்ணீர், எத்தனை அடுப்பு, எவ்வளவு வெளிச்சம் இருக்கும் என்று கேட்டுப் பட்டியல் போடுவதில்லை.

தோசையை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள் என்று நாங்கள் ஒருமுறை வால்பாறைப் பக்கம் போகும்போது மாவை அரைத்து, இறுக மூடும் டப்பாவில் எடுத்துச் சென்றோம். காருக்குள் இருந்த சூட்டில் மாவு பொங்கி, மலை ஏறத் தொடங்கிய சிறிது நேரத்தில் மூடியைத் தள்ளிக்கொண்டு பை முழுவதும் வழிந்துவிட்டது. எஞ்சிய மாவை மாலை 7 மணிக்கு ஒற்றை அடுப்பில் ஊற்றத் தொடங்கினோம். ஆறு பேருக்கு ஆளுக்கு மூன்று என்றாலும் 18 தோசைகள். குளிர்காற்றில் கல் சூடேற மறுத்ததால் ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம் பிடித்தது. கடைசித் தோசை இறங்கியபோது மணி எட்டே காலைத் தாண்டியிருந்தது. சின்னவள் தட்டை மடியில் வைத்தபடியே தூங்கிப்போயிருந்தாள். ஒன்றொன்றாகச் சுட்டெடுக்க வேண்டிய தோசை, சப்பாத்தி, பூரி ஆகியவற்றை வெளியிடத்துக்கு வைத்துக்கொள்ளவே கூடாது என்பது அன்று எனக்கு விளங்கியது. ஒரே பாத்திரத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வெந்து முடிகிற உணவே அங்கே சரிப்படும்.

அப்படிப்பட்ட உணவைத் தேடி நாம் வேறெங்கும் போக வேண்டியதில்லை. நம் வீடுகளில் நேரமில்லாத நாளில் வைக்கிற அரிசிம்பருப்புச் சோறே போதும். 2 டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு, குழைவாக வேண்டுமானால் 7 டம்ளர் தண்ணீர். கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் தக்காளியும் வதக்கி, மஞ்சள்தூளும் சிறிது மல்லித்தூளும் உப்பும் சேர்த்துக் குக்கரில் மூன்று விசில் விட்டு இறக்கினால் நால்வருக்கு இரவு உணவு ஆயிற்று. மேலே ஒரு கரண்டி நெய்யும் பக்கத்தில் தயிரும் ஊறுகாயும் இருந்தால் வேறு கறி தேவைப்படாது. இதிலும் பலர் செய்கிற பிழை ஒன்று உண்டு: வெங்காயத்தை உரிக்காமலும், பருப்பையும் அரிசியையும் தனித்தனிப் பையிலும், மசாலாவை வீட்டு அஞ்சறைப்பெட்டியோடும் கொண்டுபோய், அங்கே கைப்பேசி வெளிச்சத்தில் எல்லாவற்றையும் தேடிக்கொண்டிருப்பது. ஒரு வேளைக்கான அரிசியையும் பருப்பையும் வீட்டிலேயே அளந்து, கழுவி, துணியில் விரித்து நன்றாக உலர்த்தி ஒரே டப்பாவில் போட்டு, தாளிப்புச் சாமான்களைச் சிறு பொட்டலமாக்கி அதன் மேலேயே வைத்துவிட்டால், அங்கே கழுவும் தண்ணீரும் மிச்சம், தேடும் நேரமும் மிச்சம்.

போய்ச் சேர்ந்த உடனே சமைக்கலாம் என்று திட்டமிடுவது இன்னொரு தவறு. கூடாரம் அடிக்கவும் தண்ணீர் எடுத்துவரவுமே பொழுது சாய்ந்துவிடும் என்பதால், முதல் வேளைக்கு வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுபோவதே நல்லது. புளிசாதத்தை நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, சோற்றை ஆறவைத்துக் கிளறிக் கட்டினால் மாலை வரை கெடாது. புளியின் புளிப்பே அதைக் காக்கிறது. தேங்காய்ச் சாதமும் தேங்காய்ச் சட்னியும் அந்த வெயிலைத் தாங்கமாட்டா. சட்னிக்குப் பதிலாகக் கொள்ளுப்பொடியும் பருப்புப்பொடியும் எடுத்துக்கொள்ளலாம். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அடிவாரத்தில் எண்ணெய்ப் பலகாரத்தை வயிறு நிறையக் கொடுத்துப் பிள்ளைகளை மேலே ஏற்றினால் பாதி வழியிலேயே வாந்தி எடுக்கிறார்கள்.

அடுப்பு விஷயத்தில் நடக்கும் தவறுகள் பசியோடு நிற்பதில்லை, உயிருக்கே ஆபத்தாகக்கூடும் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இப்போது பலரும் வாங்கும் சிறிய பியூட்டேன் அடுப்பில் எரிவாயுக் குப்பி பர்னருக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கும். அதன் மேல் பெரிய தோசைக்கல்லையோ அகன்ற குண்டாவையோ வைத்தால், அதன் விளிம்பு குப்பிக்கு மேலே நீண்டு, சூட்டைக் கீழே திருப்பி அனுப்புகிறது. குப்பி சூடேறி உள்ளழுத்தம் கூடினால் அது வெடிக்கக்கூடும். காற்றுக்குத் தடுப்பு என்று தகரத்தை அடுப்பைச் சுற்றி நெருக்கமாக வைப்பதும் இதே ஆபத்தைத்தான் கொண்டுவரும். அடுப்பின் அளவுக்குள் அடங்குகிற பாத்திரத்தை மட்டுமே வைக்க வேண்டும். பியூட்டேன் ஏறத்தாழ பூஜ்யம் டிகிரியிலேயே வாயுவாக மாறுவதை நிறுத்திவிடும் என்பதால், மார்கழி, தை மாதங்களில் ஊட்டிப் பக்கம் விடியற்காலையில் சுடர் மங்கிப்போவதைப் பார்த்து அடுப்பு பழுதாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். இரவில் குப்பியைக் கழற்றிப் போர்வைக்குள் சுற்றி வைத்திருந்தாலே போதுமானது. அதை நெருப்பில் காட்டிச் சூடாக்கவே கூடாது. மழை வந்துவிட்டது என்று அடுப்பையோ கரி எரியும் சட்டியையோ கூடாரத்துக்குள் கொண்டுபோவதுதான் எல்லாவற்றிலும் கொடிய தவறு. கூடாரத் துணி தீப்பற்றுவது ஒருபுறம் இருக்க, அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லாததால், தூங்குகிறவர்கள் எழாமலேயே போய்விடுவார்கள்.

விறகு அடுப்பு மூட்டுவோருக்கு இரண்டு செய்திகள். ஆற்றங்கரையில் கிடக்கும் வழவழப்பான கல்லை அடுப்புக்கல்லாக வைக்காதீர்கள். உள்ளே ஊறியிருக்கும் நீர் ஆவியாகும்போது கல் வெடித்துச் சிதறும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வரை வீசுகிற காற்று தென்னை மட்டையின் தீப்பொறியை வெகுதூரம் கொண்டுபோகும் என்பதால், தோப்புக்காரரே அனுமதித்தாலும் அந்த மாதங்களில் திறந்த நெருப்பை மூட்டாமல் இருப்பதே பொறுப்பு. ஆனைமலை, சத்தியமங்கலம் போன்ற புலிகள் காப்பகங்களில் நெருப்பு மூட்டுவதும் நினைத்த இடத்தில் தங்குவதும் சட்டப்படியே குற்றம்.

மலை ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு டிகிரி குறையும். 2200 மீட்டருக்கு மேலுள்ள ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதிப்பதால், குக்கரை வீட்டிலேயே விட்டுவிட்டுத் திறந்த பாத்திரத்தில் பருப்பை வேகவைப்போர் எரிவாயு முழுவதையும் அதற்கே செலவழித்துவிடுகிறார்கள். குக்கர் எடுத்துச் செல்ல முடியாதவர்கள் பச்சைப்பயறோ ரவையோ சேமியாவோ கொண்டுபோகலாம். பயறையும் மதியமே ஊறப்போட்டுவிட வேண்டும்.

தண்ணீரைப் பற்றி நம்மிடம் தவறான நம்பிக்கை ஒன்று இருக்கிறது. எந்தத் தண்ணீரையும் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று எண்ணுகிறோம். மலையோடைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டித் தெளியவைத்து, தளதளவென்று ஒரு நிமிடம், ஊட்டி போன்ற உயரத்தில் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டால் கிருமிகள் சாகும் என்பது உண்மை. ஆனால் சாயக்கழிவு கலந்த தண்ணீரைக் கொதிக்கவைத்தால் நீர்தான் ஆவியாகும். சாயமும் உப்பும் அப்படியே தங்கிவிடும். திருப்பூருக்குக் கீழே நொய்யல் கரையில் பொழுதைக் கழிக்க விரும்புவோர் குடிக்கவும் சமைக்கவும் தண்ணீரைக் கேனில் கொண்டுபோவதே முறை. நீலகிரிக்குப் போவோரிடம் சோதனைச் சாவடியிலேயே பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களை வாங்கி வைத்துக்கொள்வார்கள். எவர்சில்வர் தூக்குப்போசியும் பெரிய கேனும் போதும்.

கோழிக்கறி இல்லாமல் பயணமா என்று கேட்போர் வீட்டில் இருப்பார்கள். கறியை முதல் நாள் மாலைக்கே வைத்துக்கொள்ளுங்கள், மறுநாளைக்கு வேண்டாம். வாங்கிய உடனே ஐஸ் பெட்டியில் மற்றப் பொருள்களுக்கு அடியில் வைக்க வேண்டும். வெயில் நேரத்தில் ஒரு மணி நேரம் வெளியே இருந்தாலே அது கெடத் தொடங்கும். பள்ளிபாளையம் முறையில் எலும்பில்லாத சிறு துண்டுகளாக நறுக்கி, வரமிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லும் சேர்த்து வதக்குவது இங்கே மிகப் பொருத்தம். சிறு துண்டுகள் உள்வரை சீக்கிரம் வெந்துவிடும். கறி நறுக்கிய கத்தியால் வெள்ளரிக்காயை நறுக்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

கறியைப் பற்றிப் பயப்படுகிறவர்கள்கூட மீந்த சோற்றைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. வெதுவெதுப்பாக மூடிவைத்த சோற்றில் இரவெல்லாம் பெருகும் ஒருவகைக் கிருமி வெளியிடும் நச்சு, காலையில் எவ்வளவு சூடுபடுத்தினாலும் அழியாது. ஆகவே மீதியைத் தாளித்துக் கொடுக்கலாம் என்ற எண்ணத்தில் கூடுதலாக வடிக்காமல், அளந்து வைப்பதே நல்லது. மீந்ததைக் கூடாரத்துக்குப் பக்கத்தில் கொட்டினால் காட்டுப்பன்றி தேடிவரும். உப்பும் வெல்லமும் பலாப்பழமும் யானையை இழுக்கும். எல்லாவற்றையும் மூடிய டப்பாவில் காருக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும்; குரங்குகளுக்கு ஒரு பிடியும் போடக் கூடாது.

குழம்பு காய்ந்த பாத்திரத்தைக் காலையில் துலக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், காலைக் காப்பிக்குப் பாத்திரம் இருக்காது. எங்கள் வீட்டில் இப்போது சோற்றைப் பரிமாறியதும் குக்கரில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி அடுப்பின் மேல் வைத்துவிடுகிறோம். சாப்பிட்டு முடிப்பதற்குள் அடிப்பிடித்தது இளகிவிடுகிறது. ஓடையில் இறங்கிக் கழுவாமல், கரையைவிட்டு 50, 60 அடி தள்ளி, தேங்காய் நாரால் தேய்த்து, கழுவிய நீரை மண்ணில் ஊற்றுகிறோம். பாக்குமட்டைத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பையில் கட்டி ஊருக்கே எடுத்து வருவது பெரியவனின் வேலை.