காய்ச்சல் இல்லாத புண்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருந்து கட்டும் அறையில் புதிதாகப் பொறுப்பேற்கும் தாதிகளும், வீட்டில் அம்மாவையோ அப்பாவையோ கவனிக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளும் ஒரே மாதிரியான தவறுகளைச் செய்கிறார்கள். நானும் என்னுடன் தொழில் பழகியவர்களும் அந்தக் காலத்தில் செய்த அதே தவறுகள்தாம். கையைக் கழுவு, கட்டை நனைக்காதே, அழுக்குத் துணியால் சுற்றாதே என்பவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரியும். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில், எதிர்ப்புச் சக்தி குன்றிய ஒருவரின் தோலில் வந்த சிறு புண் இரத்தத்துக்குள் இறங்கும்போது, கண்ணெதிரே இருந்தும் கவனிக்காமல் விடப்படுகிறவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எதிர்ப்புச் சக்தி குன்றியவர் என்றதும் பலரும் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவரை நினைக்கிறார்கள். அவர் ஒருவர் மட்டுமல்ல. இனிப்பு நீர் (நீரிழிவு) கட்டுக்குள் இல்லாதவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், கல்லீரல் சுருங்கியவர், விபத்தில் மண்ணீரலை இழந்தவர், ஆஸ்துமாவுக்கோ மூட்டு நோய்க்கோ நெடுங்காலம் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்குபவர் எல்லாரும் இந்த வரிசையில் வருகிறார்கள். 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். ஆகவே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் நம் லயத்து வீடுகளில் இப்படிப்பட்டவர் இல்லாத குடும்பம் குறைவு.

புண்ணிலிருந்து இரத்தம் வரையிலான பாதையை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி பலரின் மூக்கிலும் தோலிலும் சும்மாவே குடியிருக்கிறது. செம்பனை முள் குத்தினாலும், கொசுக்கடியைச் சொறிந்தாலும், கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்தாலும் அதற்கு வாசல் திறந்துவிடும். நல்ல உடம்பில் வெள்ளணுக்கள் அங்கேயே கூடிக் கிருமியை விழுங்கிவிடும். தப்பியவை நிணநீர்க் குழாய்கள் வழியே தொடை இடுக்கிலோ அக்குளிலோ உள்ள நெறிகளை (நிணநீர் முடிச்சுகளை) சேரும்போது அங்கே இரண்டாவது தடுப்பு இருக்கிறது. அதையும் தாண்டி இரத்தத்தில் கலந்தால் கல்லீரலும் மண்ணீரலும் வடிகட்டும். எதிர்ப்புச் சக்தி குன்றியவரிடம் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று, சில நேரம் மூன்றுமே, பழுதாகியிருக்கும். சர்க்கரை மிகுந்த இரத்தத்தில் வெள்ளணுக்கள் மந்தமாக நகர்கின்றன. புற்றுநோய் மருந்து ஏற்றிய ஏழு முதல் பதினான்கு நாள்களுக்குள் அவற்றின் எண்ணிக்கையே அடிமட்டத்துக்குப் போய்விடும். இரத்தத்துக்குள் நுழைந்த ஸ்டஃபைலோகாக்கஸ் அங்கே சுற்றிக்கொண்டே இருப்பதில்லை; இருதய வால்வு, முதுகெலும்பு, மூட்டு என்று போய் ஒட்டிக்கொள்ளும்.

சிவப்பைத் தேடுவது

பாடப் புத்தகப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. அவற்றைப் பார்த்துப் படித்த பெண், நம் மாநிறக் காலிலும் கறுத்த காலிலும் அதே செந்நிறத்தைத் தேடுகிறாள். கிடைக்காதபோது "ஒன்றுமில்லை" என்று எழுதிவிடுகிறாள். நம் தோலில் செல்லுலைட்டிஸ், அதாவது தோலுக்கடியில் கிருமி பரவும் வீக்கம், கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்த கருமையாகவோ தெரியும். பல நேரம் நிறமே மாறாது. தோல் இழுபட்டுப் பளபளக்கும், மயிர்க்கால்கள் குழி குழியாகத் தெரியும், தொட்டால் கெட்டியாக இருக்கும். புறங்கையை வைத்து இரண்டு கால்களின் சூட்டையும் ஒப்பிடுங்கள். வீக்கம் முடியும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு நேரத்தையும் எழுதிவையுங்கள். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால் அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை, வலி இல்லை என்று வீட்டுக்கு அனுப்புவது

இந்த ஒன்றுதான் இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டுகிறது. எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் அடுத்த தொகுதிப் பிள்ளைகள் மறுபடியும் இதையே செய்கிறார்கள்.

சீழ் என்பது என்ன? பெரும்பகுதி செத்த வெள்ளணுக்கள். வெள்ளணுக்களே இல்லாதவரிடம் சீழ் எங்கிருந்து வரும்? காய்ச்சல் என்பது என்ன? கிருமியைக் கண்ட வெள்ளணுக்கள் அனுப்பும் வேதிச் செய்தியைக் கேட்டு மூளை உடம்பின் சூட்டை உயர்த்துவது. ஸ்டீராய்டு அந்தச் செய்தியையே அடக்கிவிடுகிறது. வலியோ, இனிப்பு நீரால் நரம்பு கெட்ட காலில் செருப்புக்குள் ஆணி இருந்தாலும் தெரிவதில்லை. ஆக, நாம் ஆறுதலாக எடுத்துக்கொள்ளும் மூன்று இல்லைகளும், உடம்பு எதிர்த்து நிற்கும் சக்தியை இழந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக இருக்கக்கூடும்.

ஒரு பாட்டி. உதிரிச் செம்பனைப் பழம் பொறுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் கிடந்த மட்டையை இழுத்துப் போட்டபோது முள் கெண்டைக்காலில் குத்திவிட்டது. பேத்தி மஞ்சள் பற்றுப் போட்டிருக்கிறாள், அடுத்த நாள் காமாட் (கடல் அட்டை) எண்ணெய் தடவியிருக்கிறாள், மூன்றாம் நாள் அழைத்து வந்தாள். புதிதாக வந்த தாதி நன்றாகவே சுத்தம் செய்தாள். புண் பயறளவுதான். சீழ் இல்லை. உடல் சூடு 36.1 செல்சியஸ். "மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா, பாட்டி?" என்று கேட்டாள். "ஒன்றுமில்லை, அம்மா" என்றார் பாட்டி. கட்டுப் போட்டு, நாளை மறுநாள் வாருங்கள் என்று சொல்லியும் ஆயிற்று.

பக்கத்து மேசையிலிருந்து நான் பார்த்தது வேறு. முகம் மட்டும் வட்டமாக உப்பியிருந்தது. கை கால்களோ குச்சியாக மெலிந்திருந்தன. முழங்கையில் தட்டிய இடமெல்லாம் ஊதா நிறத்தில் இரத்தக் கட்டு. பேத்தி இரண்டு முறை கேட்ட கேள்விக்குப் பாட்டி வேறெதையோ பதிலாகச் சொன்னார். மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணினேன்: இருபத்தெட்டு. விரல் நுனியை அழுத்தி விட்டேன். வெளுத்த நிறம் திரும்ப நெடுநேரம் ஆனது. இரத்த அழுத்தம் மேல் எண் 88.

பேத்தியிடம் தனியாகக் கேட்டேன். மூட்டு வலிக்கு பசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) வாங்கிய ஜாமு என்ற மூலிகை மாத்திரையைப் பாட்டி நெடுநாளாகச் சாப்பிட்டு வருகிறாராம். "அது மருந்து இல்லையே, அக்கா, வேர்தானே!" என்றாள். பேத்தியைக் குறை சொல்ல மாட்டேன். மருந்தைப் பற்றிய கேள்வியை அப்படிக் கேட்கக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டியது நாம்தான். மூட்டு வலிக்கு விற்கப்படும் சில பாரம்பரியத் தயாரிப்புகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பல முறை எச்சரித்திருக்கிறது. பதிவு பெற்ற பொருளில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவெண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கும். அந்த டப்பாவில் இரண்டும் இல்லை. வட்ட முகமும் மெலிந்த கை கால்களும் ஊதா இரத்தக் கட்டும் ஸ்டீராய்டின் அடையாளங்கள்தாம்.

ஆம்புலன்சில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். இரத்தத்தைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு எடுத்தார்கள், ஸ்டஃபைலோகாக்கஸ் வளர்ந்தது. அதற்குள் முதுகெலும்பிலும் போய் உட்கார்ந்துவிட்டது. ஆறு வாரம் நரம்பு வழியே மருந்து ஏற்றினார்கள். பாட்டி பிழைத்துக்கொண்டார், ஆனால் இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடப்பதில்லை. பயறளவு புண்.

புதியவர்கள் இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். புண்ணைப் பார்ப்பதற்கு முன் ஆளைப் பாருங்கள். மூச்சு நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல், மேல் இரத்த அழுத்தம் 100 அல்லது அதற்குக் கீழ், பேச்சில் குழப்பம்: இம்மூன்றில் இரண்டு சேர்ந்திருந்தால் கட்டுப் போட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. ஒன்று மட்டும் இருந்தாலும் டாக்டர் பார்க்காமல் அவர் வீட்டுக்குப் போகக் கூடாது. மூச்சை எண்ணாமல் உத்தேசமாகப் பதினெட்டு, இருபது என்று அட்டையில் எழுதும் வழக்கத்தை எங்கே கண்டாலும் நான் சண்டை போடுவேன். உடல் சூடு 36-க்குக் கீழே இறங்குவதும் கெட்ட அறிகுறிதான். காய்ச்சலைவிட மோசமானது என்றுகூடச் சொல்லலாம். முழங்காலைச் சுற்றித் தோல் திட்டுத் திட்டாக நிறம் மாறுகிறதா, நேற்றிலிருந்து சிறுநீர் போனதா என்று கேளுங்கள். "மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்காதீர்கள். "வலிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள், எங்கே வாங்குகிறீர்கள், அந்த டப்பாவைக் கொண்டு வர முடியுமா?" என்று கேளுங்கள்.

இன்னொன்று. ஜாமுவில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று கேள்விப்பட்டவுடன் அதைக் குப்பையில் வீசும் மகன்கள் இருக்கிறார்கள். நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்த உடம்பில் அட்ரினல் சுரப்பிகள் தம் வேலையை விட்டிருக்கும். திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். நோய் தாக்கியிருக்கும் நேரத்தில் அது இன்னும் கொடியது. டப்பாவோடு மருத்துவமனைக்குப் போங்கள். எப்படி நிறுத்துவது, அதற்குப் பதில் என்ன கொடுப்பது என்பதை அங்கே முடிவு செய்யட்டும்.

பாரசிட்டமால் கொடுத்துவிட்டு வெப்பமானி வைப்பது

முதலில் வெப்பமானி. புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்பவருக்கு 38-ஐத் தொட்டால் மாத்திரை கொடுத்துக் காத்திருக்காதீர்கள்; நேரே அவசரப் பிரிவு, நடு இரவானாலும். ஆசன வாயில் வெப்பமானி வைக்கக் கூடாது.

கொப்புளத்தைப் பிதுக்குவது

கூடாது. மூக்கைச் சுற்றியும் மேலுதட்டிலும் ஒருபோதும் கூடாது. அங்குள்ள சிரைகள் மூளையின் அடிப்பகுதியோடு தொடர்புள்ளவை.

எல்லாவற்றுக்கும் ஒரே களிம்பு

ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமிக்கொல்லி மூன்றும் கலந்த களிம்பு பல வீடுகளில் அலமாரியிலேயே இருக்கிறது. படை என்ற தோல் பூஞ்சைக்கும் அதுதான், முள் குத்திய புண்ணுக்கும் அதுதான். தடவிய மறுநாள் அரிப்பும் வீக்கமும் அடங்குவதால் நம்பிக்கை வந்துவிடுகிறது. மேலே அடங்கியது ஸ்டீராய்டால். உள்ளே கிருமி வளர்ந்துகொண்டே இருக்கும்.

டயாலிசிஸ் குழாயை மறந்துவிடுவது

கழுத்தில் குழாய் உள்ளவருக்குக் குளிர் நடுக்கம் வந்தால், காலில் புண் இருந்தாலும் குழாயையும் சந்தேகிக்க வேண்டும். டயாலிசிஸ் தொடங்கிய சற்று நேரத்தில் நடுக்கம் வந்தால் இன்னும் அதிகமாக.

சேற்றைச் சொல்லாமல் விடுவது

தோட்டப்புறத்தில் இது தனிக் கவலை. மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. ரங்கூனில் அதை அடையாளம் கண்டு 1912-இல் எழுதியவர்கள் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இருவர். இரண்டாவது பெயரைப் பெரும்பாலானோர் சொல்வதே இல்லை, ஆகவே நான் சொல்கிறேன். மறு ஆண்டே கோலாலம்பூரின் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் சோதனை விலங்குகளிடையே அதே நோய் பரவியது. அதாவது நூறு ஆண்டுகளுக்கு மேலாக இது நம் மண்ணின் நோய். தோல் வெடிப்பு வழியாக நுழையும். மழைக் காலத்தில் அதிகம். இனிப்பு நீர்க்காரர்களைத் தேடிப் பிடிக்கும். இரத்தத்தில் கலந்தபின் நுரையீரலிலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் கட்டிகளை உண்டாக்கும்.

சாதாரணப் புண்ணுக்குக் கொடுக்கும் குளோக்சசிலின் இதற்குப் பலிக்காது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் குறைந்தது பத்து முதல் பதினான்கு நாள் நரம்பு வழியே ஏற்ற வேண்டும். பிறகு குறைந்தது மூன்று மாதம் மாத்திரை. டாக்டர் அந்தத் திசையில் யோசிக்க வேண்டுமானால், கால்வாயில் இறங்கினார், வெள்ளத்தில் நடந்தார், வெறுங்காலோடு தோட்டத்தில் நின்றார் என்று யாராவது அவரிடம் சொல்ல வேண்டும். அசுத்தம் என்று நினைத்து வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். குரோமோபாக்டீரியம் என்று இன்னொரு மண் கிருமியும் உண்டு. அரிதானது, ஆனால் மிக வேகமானது. மனிதரிடம் அது முதன்முதலாக அறியப்பட்டதும் மலாயாவில்தான், 1927-இல்.

மாத்திரையைப் பாதியில் விடுவது

மெலியோய்டோசிஸ் திரும்பி வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

அவசரப் பிரிவில் கதையை முதலிலிருந்து தொடங்குவது

மட்டையை யார் இழுக்கச் சொன்னது, எண்ணெய் எந்தக் கடையில் வாங்கியது என்று தொடங்கினால், முகப்பில் இருப்பவர் "காலில் புண்" என்று எழுதிப் பச்சைப் பிரிவில் உட்கார வைத்துவிடுவார். பச்சை என்றால் மணிக்கணக்கில் காத்திருப்பு. முதல் வாக்கியத்திலேயே மூன்றைச் சொல்லுங்கள்: இன்ன காரணத்தால் இவருக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு; இத்தனை நாளாகத் தோலில் புண் இருக்கிறது; இன்று காலையிலிருந்து மூச்சு வாங்குகிறது, அல்லது பேச்சு குழம்புகிறது, அல்லது உடம்பு சில்லென்று இருக்கிறது. மலாயில் சொல்ல வராவிட்டால் பேரப்பிள்ளையிடம் சொல்லி ஒரு தாளில் எழுதி வாங்கி, நோயாளியின் மருத்துவ அட்டைக்குள் இப்போதே வைத்துவிடுங்கள். மாத்திரைப் பெயர்களும் ஒவ்வாமையும் அதே தாளில் இருக்கட்டும். காத்திருக்கும்போது ஆள் மயங்குவதுபோல் தெரிந்தால் எழுந்து போய் மறுபடியும் சொல்லுங்கள். தொந்தரவு செய்கிறோமே என்று தயங்காதீர்கள்.