கால்சியம் வந்தால் ஒளிரும் புரதம்: முதல் உணரியைக் கட்டிப் பார்ப்போம்

டர்பனில் தைப்பூசக் காவடிக்குச் சாமந்திச் சரம் தொடுத்துப் பழகியவர்களுக்கு இந்தப் பாடத்தின் கடினமான பகுதி சட்டென்று பிடிபடும்.

1962இல் ஒசாமு ஷிமோமுரா ஜெல்லி மீனிலிருந்து பிரித்தெடுத்த பச்சை ஒளிர்வுப் புரதம், 238 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சரம். பீப்பாய் போல மடிந்திருக்கும். ஒளிரும் பகுதி உள்ளே இருக்கும்.

முதலில், சரத்தின் இரு நுனிகளையும் முடிந்துவிட்டு, ஒளிரும் பகுதிக்கு அருகே வேறோரிடத்தில் அறுக்க வேண்டும். இப்போது பீப்பாயின் சுவரில் ஓர் ஓட்டை. புதிய நுனி ஒன்றில் எம்13 என்ற பெப்டைடையும் (சிறு அமினோ அமிலச் சரம்) மற்றதில் கால்சியத்தைப் பிடிக்கும் கால்மோடுலின் என்ற புரதத்தையும் சேருங்கள். கால்சியம் ஒட்டியதும் கால்மோடுலின் எம்13ஐச் சுற்றிக்கொள்ளும், ஓட்டை மறையும், ஒளி கூடும். 2001இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஜிகேம்ப் (GCaMP) உணரி இதுதான். வெட்டலும் ஒட்டலும் டிஎன்ஏவில்தான் நடக்கின்றன. தொடக்கநிலையினர் இந்த உணரியின் மரபணு ஏற்கெனவே இருக்கும் பிளாஸ்மிடை (வட்ட வடிவ டிஎன்ஏ) வாங்கி, இணைப்புப் பகுதியில் ஓரிரு அமினோ அமிலங்களை மட்டும் மாற்றிப் பார்ப்பது நல்லது.

அடுத்து, பிளாஸ்மிடை ஹெச்இகே (மனிதச் சிறுநீரகத்திலிருந்து வந்த ஆய்வக) செல்களுக்குள் செலுத்தி, 37 டிகிரியில் ஒன்றிரண்டு நாள் வளருங்கள். சிவப்பு வளர்ப்பு ஊடகம் தானும் ஒளிரும். அதை உப்புக் கரைசலால் கழுவிவிடுங்கள். 488 நானோமீட்டர் ஒளி பாய்ச்சி, 510 அளவில் வரும் பச்சையை அரை நிமிடம் பதிந்த பிறகு, செல்லுக்குள் கால்சியத்தைக் கூட்டும் ஏடிபி என்ற மூலக்கூறைச் சிறிது சேருங்கள். செல்கள் பளிச்சிடும். கூடிய ஒளியைத் தொடக்க ஒளியால் வகுத்தால் கணக்கு முடிந்தது.

ஒளிர்ந்ததும் துள்ளாதீர்கள். ஒருநாள் மின்வெட்டில் எங்கள் நுண்ணோக்கியின் சூட்டுத் தட்டு குளிர்ந்து குவியம் நகர்ந்தது. ஒளி மாறியதைக் கண்டு, கால்சியம்தான் என்று ஒரு மாலை முழுவதும் நம்பிக்கொண்டிருந்தேன்! அமிலத்தன்மை மாறினாலும் இந்தப் புரதத்தின் ஒளி மாறும். ஆகவே, கால்சியம் ஒட்ட முடியாதபடி கால்மோடுலினைச் சிதைத்த இன்னோர் உணரியையும் பக்கத்துத் தட்டில் வளருங்கள். அதுவும் மினுங்கினால் நீங்கள் பார்த்தது கால்சியம் அல்ல. இந்தத் தட்டைச் செலவென்று சொல்லித் தவிர்ப்பவர்களின் வரைபடங்களை நான் நம்புவதில்லை.

கடைசியாக, செல்லுக்குள் கால்சியத்தைப் புகவிடும் அயனோமைசின் விட்டு உச்ச ஒளியையும், வேறொரு தட்டில் அதனுடன் கால்சியத்தைப் பிடித்து வைக்கும் ஈஜிடிஏ சேர்த்து அடி ஒளியையும் பதியுங்கள். அயனோமைசின் பட்ட செல்கள் மறு சோதனைக்கு உதவா; தட்டைக் கழிவில் போட்டுவிடுங்கள்.