முகத்துல ஒண்ணும் தெரியலயேன்னு தவிக்கிற வீட்டாளுங்களுக்கு

ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவுன்னும் சொல்வாங்க) இருக்கறவங்க வீட்ல அடிக்கடி வர்ற பொலம்பல் ஒண்ணு உண்டு, "மூஞ்சிய பாத்துப் பேச மாட்டேங்குறான், நல்ல சேதி சொன்னாலும் கல்லு மாதிரி உக்காந்திருக்கான்". திமிர்லாம் இல்லங்க, நோயோட அறிகுறி. 1911லயே மனநல டாக்டர் யூஜின் ப்ளாய்லர் இத எழுதிட்டாரு. அப்புறம் நடந்த ஆராய்ச்சிகள்ல இந்த நோய் இருக்கறவங்களுக்கு சினிமா படம் போட்டுக் காட்டி பாத்தாங்க, முகத்துல அசைவு கம்மி, ஆனா என்ன தோணுச்சுன்னு கேட்டா மத்தவங்க அளவுக்கே சந்தோஷமும் வருத்தமும் இருந்துச்சுன்னு சொல்லிருக்காங்க.

அதனால முகத்த பாத்து முடிவு பண்ணாம வாயால கேளுங்க. "எப்படி இருக்க"ன்னு மொட்டையா கேட்டா "ம்" தான் வரும், "எரிச்சலா இருக்கா, அசதியா இருக்கா"ன்னு எடுத்துக் குடுத்து கேளுங்க, பதில் வர லேட்டாகும், நடுவுல பூந்து நீங்களே பேசிடாதீங்க.

"என் கண்ண பாத்து சொல்லு" மட்டும் வேணவே வேணாம். நாம எங்கயோ பாத்துட்டு இருந்தாக்கூட தன்னத்தான் பாக்குறாங்கன்னு இவங்கள்ல பல பேருக்குத் தோணும், அதுல எதிர்ல உக்காந்து மொறைச்சா எப்படி இருக்கும்? பக்கத்துல உக்காருங்க, இல்ல சேந்து நடங்க, துணி மடிச்சுக்கிட்டே பேசுங்க, பேச்சு தன்னால வரும்.

இன்னொண்ணு, நம்ம முகத்த படிக்கிறதும் அவங்களுக்கு கஷ்டம். நீங்க தலைவலில சுளிச்சா கோவம்னு நெனச்சுக்கலாம், அதனால "தலைவலி, உன்மேல கோவம் இல்ல"ன்னு சொல்லிடுங்க. சம்பந்தமில்லாம சிரிச்சா அதட்டாதீங்க, மத்தவங்களுக்குக் கேக்காம அவங்க காதுல மட்டும் கேக்குற குரலுக்குக்கூட சிரிக்கலாம், "என்ன தோணுச்சு"ன்னு மெதுவா கேட்டுப் பாருங்க, சொல்லலன்னா விட்டுடுங்க.

மாத்திரை விஷயம் முக்கியம். சில மருந்தால பார்க்கின்சன்ங்குற நடுக்க நோய் மாதிரி முகம் இறுகிடும், கண் சிமிட்டுறது கொறையும், நடக்கும்போது கை வீசாது, கை நடுங்கும், எச்சில் வடியும். மருந்து ஆரம்பிச்சதுக்கோ டோஸ் ஏத்துனதுக்கோ அப்புறம் இதெல்லாம் வந்துச்சுன்னா தேதியோட குறிச்சு வெச்சு டாக்டர்கிட்ட சொல்லுங்க, டோஸ மாத்துனா பல பேருக்கு சரியாகுது. நீங்களா நிறுத்திடாதீங்க, நோய் திரும்பி வந்துடும் அபாயம் இருக்கு. டிப்ரஷன்லயும் முகம் இப்படித்தான் வாடிக் கெடக்கும், எதனாலன்னு டாக்டர்தான் பிரிச்சுப் பாக்கணும். அவங்க சம்மதிச்சா பழைய வீடியோ ஒண்ணும் இப்ப எடுத்தது ஒண்ணும் போன்ல கொண்டுபோய் காட்டுங்க.