கேம்பர் வேனுக்குள் குளியலிடம்: குறைந்த இடத்தில் அமைக்கும் முறை

வேனைக் கேம்பராக, அதாவது தங்கிப் பயணிக்கும் வண்டியாக, மாற்ற முனைவோர் பெரும்பாலும் படுக்கைக்கும் அடுப்புக்கும் முதலில் இடம் ஒதுக்கிவிட்டு, குளிப்பதற்கான ஏற்பாட்டை மிஞ்சிய மூலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். சென்னையிலிருந்து புறப்படும் வண்டிக்கு இந்த வரிசை பொருந்தாது. மே மாதத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அரை நாள் ஓட்டியவர், உடலில் படிந்த வியர்வையையும் உப்பையும் கழுவாமல் அதே வண்டிக்குள் நிம்மதியாகத் தூங்க முடியாது. ஆகவே குளியலிடத்தை முதலிலேயே திட்டமிட வேண்டும். அதைத் திட்டமிடும்போதும் ஷவரிலிருந்தோ குழாயிலிருந்தோ தொடங்காமல், குளித்த நீர் எங்கே போய்ச் சேரும் என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

காரணம் எளிது. நல்ல நீரைப் பம்ப் வைத்து வண்டியின் எந்த மூலைக்கும் கொண்டுபோகலாம். அழுக்கு நீரோ சரிவு இருக்கும் திசையில்தான் போகும். எனவே வண்டியைப் பட்டறைக் குழியின் மேல் நிறுத்தி, அடிப்பகுதியை நன்றாகப் பாருங்கள். டீசல் டேங்க், சைலன்சர் குழாய், ஸ்டெப்னி, பட்டை ஸ்பிரிங், பிரேக் குழாய்கள் ஆகியவை போக எந்த இடத்தில் 30 அல்லது 40 லிட்டர் கழிவுநீர்த் தொட்டியைத் தொங்கவிட முடியும் என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்கு நேர் மேலேயோ, அதிலிருந்து ஒரு மீட்டருக்குள்ளோதான் குளியல் டிரே, அதாவது குளிக்கும் நீரைப் பிடிக்கும் விளிம்புள்ள தட்டு, அமைய வேண்டும். வடிகுழாய்க்கு ஒரு மீட்டர் நீளத்துக்கு 2 முதல் 2.5 செ.மீ. வரை சரிவு தேவை. தூரம் கூடக்கூட வண்டியின் அடியில் அந்தச் சரிவுக்கு இடம் கிடைக்காது. தொட்டியை இரும்புப் பட்டைகளால் சேஸிஸோடு பிணைத்து, பட்டைக்கும் தொட்டிக்கும் இடையே ரப்பர் துண்டு வைக்க வேண்டும். வேகத்தடைகளில் இடிக்காதபடி போதிய தரை இடைவெளியும் விட வேண்டும்.

தொட்டியைத் திறந்துவிடும் வால்வை ஓட்டுநர் பக்கம் கைக்கு எட்டும்படி வையுங்கள். சென்னையின் மழைநீர் வடிகால்கள் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றில் போய்ச் சேர்கின்றன. எனவே சோப்பு நீரை அவற்றில் விடாமல், வீட்டுக் கழிவுநீர்ச் சேம்பரில் கொட்டுவதே முறை. ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ ஏரிக்கரையில் திறந்துவிடுவது கூடவே கூடாது.

எவ்வளவு நீர் வேண்டும்?

வீட்டு ஷவரின் கணக்கை வேனுக்குள் கொண்டுவர வேண்டாம். நிமிடத்துக்கு 4 லிட்டர் மட்டும் விடும் ஹேண்ட் ஷவரை, சோப்பு போடும்போது மூடிவிட்டு, மொத்தம் இரண்டு நிமிடம் திறந்து வைத்தால் 8 லிட்டரில் ஒருவர் நன்றாகக் குளிக்கலாம். இதற்கென்று தனிப் பொருள் தேட வேண்டியதில்லை. கழிப்பறைகளில் பொருத்தும் ஹெல்த் பாசெட்டைப் புதிதாக வாங்கி மாட்டினால் போதும். விரலை எடுத்தவுடன் நீர் நின்றுவிடும். இருவர் இரண்டு நாள் குளிக்க 32 லிட்டர், முகம் கைகால் கழுவ 12 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 50 லிட்டர் தொட்டி தாராளமாகப் போதும். குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேனைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். குளியல் தொட்டியோடு அதைக் கலக்க வேண்டாம்.

தொட்டியைப் பெரிதாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை என்பதை அப்போது நினைவில் கொள்ளுங்கள். 100 லிட்டர் என்றால் ஒன்றரை ஆள் எடை கூடுதலாக எப்போதும் ஏறியிருக்கிறது; திருப்பங்களில் அது அலைந்து வண்டியை இழுக்கும். தொட்டியைப் பின் அச்சுக்கு முன்னால், தரையோடு தாழ வைத்து, உள்ளே தடுப்புத் தகடு உள்ளதாக வாங்கினால் இந்த அலைச்சல் குறையும்.

நின்று குளிப்பதா, உட்கார்ந்து குளிப்பதா?

வெளிநாட்டுக் கேம்பர் படங்களைப் பார்ப்பவர்கள் கண்ணாடிக் கதவு போட்ட ஷவர் அறை ஒன்றை மனத்தில் வரைந்துகொள்கிறார்கள். உயரக் கூரை போட்ட போர்ஸ் டிராவலர் போன்ற வண்டியில் அது முடியும். ஆனால் வண்டியின் நீளத்தில் முக்கால் மீட்டரை அது நிரந்தரமாக விழுங்கிவிடும். மாருதி ஈகோ, ஆம்னி போன்ற சிறிய வண்டிகளில் நிமிர்ந்து நிற்கவே முடியாது. மணையில் உட்கார்ந்து வாளியும் சொம்புமாகக் குளித்துப் பழகிய நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. 20 செ.மீ. உயர ஸ்டூலில் உட்கார்ந்தவரின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ 110 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். ஆகவே 60 செ.மீ. அகலமும் 70 செ.மீ. நீளமும் 120 செ.மீ. உயரமும் கிடைத்தால் ஒருவர் முழங்கை இடிக்காமல் குளிக்கலாம். ஓடும் வழியில் வண்டி சற்றுச் சாய்ந்து நின்றாலும், வழுக்கி விழும் அச்சம் இல்லாமல் வயதான பெற்றோரும் குளிக்கலாம். எனக்கு இந்த முறையே எல்லா வகையிலும் மேலானதாகத் தோன்றுகிறது.

டிரேயைப் பக்கவாட்டுக் கதவை ஒட்டிய நடைவழியில் பதித்து, அதன் மேல் தேக்குச் சட்டங்களால் ஆன பலகையை மூடினால், பகலில் அது நடக்கும் தரை. மழை நாளில் ஈரச் செருப்பும் குடையும் வைக்கும் இடம். பலகையை எடுத்தால் குளியலிடம். ஒரே சதுரம் மூன்று வேலை செய்கிறது. சிறிய கழிப்பறைப் பெட்டி வைத்திருப்போர் அதையும் இதே டிரேயில் வைத்து, குளிக்கும்போது மட்டும் வெளியே எடுத்துவிடலாம். ஈகோவின் பின்கதவு மேல்நோக்கித் திறப்பதால், அதன் விளிம்பில் கொக்கி அடித்து மூன்று பக்கமும் திரை தொங்கவிட்டு, கதவின் நிழலிலேயே குளிக்கும் ஏற்பாடும் உண்டு. அப்போதும் காலடியில் ஒரு டிரே வைத்து நீரைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

டிரேயும் சுவர்களும்

இந்தப் பகுதியில்தான் பொறுமை மிகவும் தேவை. வேன் ஓடும்போது அதன் உடல் முறுக்கிக்கொண்டே இருக்கிறது. எனவே வீட்டுக் குளியலறையில் வேலை செய்யும் டைல்ஸ், சிமெண்ட், ஒட்டிய சி.பி.வி.சி. குழாய் எல்லாம் இங்கே விரிசல் விடும். டிரேக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அம்பத்தூர் அல்லது கிண்டி தொழிற்பேட்டையில் தகடு வளைக்கும் பட்டறையில் கொடுத்து 1.2 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்வது. நான்கு பக்கமும் 10 செ.மீ. விளிம்பு எழுப்பினாலும் ஆறேழு கிலோதான் வரும். சாதாரணப் பாத்திரத் தரமான 304 நல்ல நீருக்குப் போதும். கடற்கரையிலேயே நாள்கணக்கில் நிறுத்துபவர்கள் 316 தரம் கேட்கலாம். அதில் கலந்துள்ள மாலிப்டினம் உப்பினால் புள்ளிப்புள்ளியாக அரிப்பு விழுவதைத் தடுக்கிறது. மற்றொன்று பைபர். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டில் தொட்டி வடிவம் செய்து, அதன் மேல் கண்ணாடி இழைப் பாயை இரண்டு அடுக்கு ரெசினில் தோய்த்து ஒட்ட வேண்டும். சென்னைக் கடற்கரையில் மீன்பிடி பைபர் படகுகளைப் பழுதுபார்க்கும் கைவினைஞர்கள் இந்த வேலையை நன்கு அறிந்தவர்கள். மூலைகளில் மூட்டே இல்லாமல் வருவதால் நான் பைபரையே விரும்புகிறேன்.

டிரேயில் ஒரே ஒரு வடிதுளை போடுவது வழக்கம். எதிரெதிர் மூலைகளில் இரண்டு போடுங்கள். வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நின்றாலும் ஒன்றாவது வடியும். துளைக்குக் கீழே வீட்டில் போடும் வளைகுழாய் டிராப் வேண்டாம். நாற்றத்தைத் தடுக்க அதில் நிற்கும் நீர் ஓட்டத்தில் சிதறிவிடும், பிறகு தொட்டியின் நாற்றம் படுக்கை வரை வரும். அதற்குப் பதிலாக, நீர் இறங்கும்போது திறந்து பிறகு தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கோன் நாக்கு உள்ள வடிதுளை டிராப் கடைகளில் கிடைக்கிறது.

சுவருக்கு 3 மி.மீ. ஏ.சி.பி. ஷீட் (இரு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது) அல்லது பி.வி.சி. ஷீட் போதும். ஒரு ஷீட்டை இன்னொன்றின் மேல் ஏற்றி, மேல் ஷீட் நீர் படும் பக்கமாகவும் கீழ் விளிம்பு டிரேக்கு உள்ளேயும் விழும்படி அமைத்தால், பசை பிரிந்தாலும் நீர் டிரேக்குள்தான் ஒழுகும். மூட்டுகளில் காய்ந்த பின்னும் ரப்பர்போல் நெகிழும் பாலியூரித்தேன் சீலன்ட் பூசி, ஒரு முழு நாள் காய விடுங்கள். நடைவழிப் பக்கம் நிரந்தரச் சுவர் வேண்டாம். கூரையில் வளைந்த அலுமினியத் தண்டவாளம் பொருத்தி, குடைத் துணிபோல் விரைவில் காயும் நைலான் திரையைத் தொங்கவிட்டு, கீழ் விளிம்பில் சிறு காந்தங்கள் தைத்துவிட்டால் திரை உடலில் ஒட்டாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் பைபரிலும் காந்தம் சரியாகப் பிடிக்காது என்பதால், டிரே விளிம்பின் வெளிப்பக்கம் ஒரு மெல்லிய இரும்புப் பட்டையை ஒட்டிக்கொள்ளுங்கள்.

பம்பும் குழாயும்

12 வோல்ட் டயாபிரம் பம்ப் ஒன்று, அதற்கு முன்னால் வலை வடிகட்டி ஒன்று, நைலான் நூல் பின்னிய அரை இஞ்ச் ஹோஸ், ஒவ்வொரு மூட்டுக்கும் ஸ்டீல் கிளாம்ப்: இவ்வளவுதான் ஏற்பாடு. பிரஷர் சுவிட்ச் உள்ள பம்பாக இருந்தால் பாசெட்டை மூடியவுடன் தானே நிற்கும். ரப்பர் கால்களின் மேல் பொருத்தினால் நள்ளிரவில் யாரையும் எழுப்பாது. பேட்டரிக்கு அருகிலேயே பியூஸ் போட வேண்டும். மெயின் சுவிட்சை ஓட்டுநர் இருக்கைக்கு அருகில் வைத்து, வண்டி ஓடும்போது அணைத்துவிட வேண்டும்; ஒரு கிளாம்ப் கழன்றாலும் தொட்டி முழுவதும் வண்டிக்குள் கொட்டாமல் இருக்க இதுவே வழி. புதிய பம்ப், ஒயர், பியூஸ் ஆகியவற்றை ரிச்சி தெருப் பக்கம் வாங்கலாம். பழைய வண்டியின் தகடு, பிராக்கெட் போன்றவற்றுக்குப் புதுப்பேட்டை.

முகம் கழுவத் தனிப் பேசின், தனிக் குழாய் என்று போக வேண்டாம். டிரேக்கு மேலே சுவரில் மடங்கும் சிறு ஸ்டீல் பேசினைக் கீலில் பொருத்தி, அதன் வடிநீர் டிரேக்குள்ளேயே விழும்படி செய்து, அதே ஹேண்ட் ஷவரைப் பேசினுக்கு மேல் உள்ள கொக்கியில் மாட்டினால் அதுவே குழாய்.

வெந்நீர்

சமவெளியில் வெந்நீருக்கு வெயிலே போதும். 110 மி.மீ. பி.வி.சி. குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 8 லிட்டர் கொள்ளும். இரண்டரை மீட்டர் குழாயைக் கறுப்பு வண்ணம் பூசிக் கேரியரில் கட்டினால் 20 லிட்டர் சூடாகும். வடிகாலுக்கான எஸ்.டபிள்யூ.ஆர். குழாயில், நீர் வேகமாக வர வேண்டும் என்று காற்றடித்து அழுத்தம் ஏற்றாதீர்கள். அது அதற்காகச் செய்யப்பட்டதல்ல, வெடிக்கும். கோடையில் இந்த நீர் தோலைச் சுடும் அளவுக்குக் காயும் என்பதால் கையில் விட்டுப் பார்த்த பிறகே குழந்தைகளுக்கு ஊற்ற வேண்டும்.

மலைக்குப் போகும்போது பலர் கேஸ் கெய்சர் வைக்க நினைக்கிறார்கள். வண்டிக்குள் அதை ஒருபோதும் வைக்காதீர்கள். மூடிய சிறு இடத்தில் அது வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மயங்கிய பிறகுதான் தெரியும். வாட்டர் ஹீட்டர் கம்பியும் ஈரத் தகடுகளுக்கு நடுவே ஆபத்தானது. 10 லிட்டர் நீரை 20 டிகிரி சூடேற்ற ஏறத்தாழ கால் யூனிட் மின்சாரம் வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியின் மொத்தச் சேமிப்பில் அது ஐந்தில் ஒரு பங்கு. அதைவிட எளிய வழி அடுப்பிலேயே இருக்கிறது. 15 டிகிரி குளிர்ந்த 7 லிட்டர் நீரில், கொதித்த 3 லிட்டரைக் கலந்தால் 40 டிகிரி இதமான நீர் 10 லிட்டர் கிடைக்கும். வாளியில் முதலில் குளிர்ந்த நீரை ஊற்றி, பிறகு கொதிநீரைக் கலந்து, அதற்குள் 12 வோல்ட் முங்கு பம்ப் ஒன்றைப் போட்டு ஹேண்ட் ஷவரோடு இணைத்தால் ஊட்டியிலும் குளிக்கலாம். அடுப்பு எரியும்போது ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும்.

பராமரிப்பு

கூரையில் 12 வோல்ட் எக்ஸாஸ்ட் பேன் வைத்து, குளித்த பிறகு அரை மணி நேரம் ஓட விடுங்கள். சென்னைக் காற்றின் ஈரத்தில், துடைக்காமல் விட்ட திரையில் விரைவிலேயே கரும்பூஞ்சை பிடித்துவிடும். தொட்டியின் காற்றுத் துளைக்கு நெருக்கமான வலை கட்டுங்கள். தேங்கிய நன்னீரில்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. போர்வெல் நீரின் உப்பு ஷவர்த் துளைகளை அடைத்தால் எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துக் கழுவலாம். பயணம் முடிந்து வண்டியை நிறுத்தி வைக்கும்போது இரண்டு தொட்டிகளையும் காலியாக்குங்கள். மறுபடி கிளம்பும் முன், 5 சதவீத பிளீச்சிங் திரவத்தை லிட்டருக்கு 1 மில்லி வீதம் கலந்து சில மணி நேரம் வைத்து, நன்றாக அலசிவிட வேண்டும்.

துளை போடும் முன்பே கவனிக்க வேண்டியது சட்டம். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-வது பிரிவில் தடுக்கிறது. இருக்கைகளைக் கழற்றுவது, கூரையை உயர்த்துவது போன்ற மாற்றம் எதையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொண்ட பிறகே தொடங்குங்கள்.

எல்லாம் பொருத்திய பின், தரைப் பலகைகளை ஆணி அடித்து மூடுவதற்கு முன், டிரேயின் வடிதுளைகளை அடைத்து விளிம்பு வரை நீர் நிரப்பி ஓர் இரவு விட்டு, கீழே காகிதம் விரித்துப் பாருங்கள். பிறகு நல்ல நீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு, மேடுபள்ளமான சாலை ஒன்றில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, ஒவ்வொரு மூட்டையும் உலர்ந்த துணியால் தொட்டுப் பாருங்கள். எங்கும் ஈரம் படவில்லை என்றால் பலகையை மூடலாம்.