சங்கத் தலைவர் பதவிச் சண்டை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் புதிதாக ஆய்வு வட்டம் தொடங்கும் பிள்ளைகள் எங்கள் காலத்துக் கோளாறுகளையே திரும்பச் செய்கிறார்கள். யாப்பு (சங்க விதிகள்) எழுதுங்கள், கணக்குக் காட்டுங்கள் என்பதெல்லாம் தெரிந்த விஷயம், விடுங்கள்.

முடிவுத் திகதி இல்லாத பதில் (தற்காலிகத்) தலைவர்

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். தலைவர் கோபத்தில் "நான் விலகுகிறேன்" என்று வட்ஸ்அப்பில் போட்டுவிடுவார். நிர்வாக சபை அவசரமாகக் கூடி ஒரு பேராசிரியரைப் பதில் தலைவராக்கும். எதுவரைக்கும் என்று கேட்டால், "சேர் மேல நம்பிக்கை இல்லையா?" என்று வாயை அடைத்துவிடுவார்கள்.

கண்டிப் பக்கம் ஒரு சங்கத்தில் அப்படி வந்தவர் வருடாந்தப் பொதுக்கூட்டத்தைக் கூட்டவே இல்லை, கூட்டினால் பதவி போகுமே. பழையவர் சும்மா இருப்பாரா? எழுத்தில் நான் விலகவில்லை என்று அவர் தனியாக ஒரு கூட்டம் வைத்தார். அப்புறம் இரண்டு கடிதத் தலைப்பு, இரண்டு ரப்பர் முத்திரை, வங்கிக்கு இரண்டு கடிதம். வங்கி கணக்கை நிறுத்திவைத்தது. அச்சகத்துக்குக் காசு கொடுக்க வழியில்லாமல், மலையகத் தமிழரில் பெரும்பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தக் காலத்தில் பிரிந்துபோன குடும்பங்களைப் பற்றித் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பதிந்த பேட்டிகளின் தொகுப்பு வெளிவராமலே போனது, பேட்டி கொடுத்த முதியவர்கள் சிலர் இப்போது உயிரோடும் இல்லை.

பதில் நியமனத் தீர்மானத்திலேயே மூன்றையும் எழுதுங்கள்: பதவி முடியும் நாள், பொதுக்கூட்டத் திகதி, காசோலையில் கையெழுத்திடுவோர் யார். அந்த நாள் தாண்டினால் செயலாளரே கூட்டத்தைக் கூட்டலாம் என்று யாப்பிலும் ஒரு வரி இருக்கட்டும்.

வாய்மொழி இராஜினாமா

கடிதம் வரும்வரை பதவி காலியில்லை.

போஷகரிடம் தீர்ப்புக் கேட்பது

போஷகர் என்பவர் சங்கத்தின் கௌரவப் புரவலர். அவருக்குப் பொன்னாடை போதும், பதவிச் சண்டையில் இழுக்காதீர்கள்.

எதிராளி மேல் மோசடிப் பழி

ஆதாரமில்லாமல் இதைத் தொடாதீர்கள். தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதிந்து மேற்பார்வை செய்யும் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிந்த அமைப்பில் நிதி மோசடிப் புகார் எழுந்தால் விசாரணைச் சபை வரலாம், 1998 திருத்தத்தின்படி இடைக்கால முகாமைச் சபையும் வரலாம். நாற்காலிக்கு அடித்துக்கொண்ட இருவருமே அப்போது வெளியே.

லயத்துக்குத் தபாலில் அறிவித்தல்

பல தோட்டங்களில் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, கடிதம் தோட்ட அலுவலகம் சுற்றித்தான் வரும். 14 நாள் அறிவித்தல் என்று யாப்பு சொல்ல, கூட்டம் முடிந்த பிறகு கடிதம் கிடைத்த மஸ்கெலியா உறுப்பினர் தெரிவையே செல்லாது என்பார், அதில் நியாயமும் இருக்கும். கையில் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். கூட்டத்தையும் ஞாயிறு காலையில் வையுங்கள், பின்னேரம் வைத்தால் திரும்பிப் போக பஸ் கிடையாது.